காலத்தின் முகமா, கல்லாவின் கணக்கா?

நடுவர் ஐயா அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"அமெரிக்கத் திரைப்பட வகைகளில் பெரிதும் தெரிவது காலத்தின் முகமா, கல்லாவின் கணக்கா?" இதுதான் இன்றைய தலைப்பு. காலத்தின் முகமே என்று பேசும் அணியில் கடைசி ஆளாக வந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் மிக நன்றாகப் பேசினார். கௌபாய் படம், கேங்ஸ்டர் படம், பேய்ப் படம் எல்லாமே செங்கல் அச்சு மாதிரி, ஒன்று ஓடினால் அதே அச்சில் பத்து அறுப்பார்கள், இதில் வரலாறு எங்கே வந்தது என்று கேட்டார். அடுத்து வந்த சகோதரி, செவ்விந்தியர்களைப் பற்றி ஹாலிவுட் காட்டியதெல்லாம் பொய், பொய் சொல்லும் கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நானும் கைதட்டினேன். மூன்றாவதாகப் பேசிய தம்பி, அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் காலத்தைக் காட்டுவதாக எல்லோரும் சொல்லும் ஒரு படத்தின் கதை வாட்டர்கேட்டுக்கு முன்பே எழுதப்பட்டது என்று சொல்லி எங்களை மடக்கப் பார்த்தார்.

மூவருக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தலைவர் போகிற போக்கில் ஓர் உதாரணம் சொன்னார். அதிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் கட்சி முழுவதும் அந்த ஒரே படத்துக்குள் இருக்கிறது.

1933. அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் நாலு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்த வருஷம். "அந்த நேரத்தில் ஹாலிவுட் என்ன செய்தது? பெரிய பெரிய காசுகளை உடையாகக் கட்டிக்கொண்டு பெண்கள் ஆடிப் பாடும் படத்தை எடுத்தது. ஊர் பட்டினி கிடக்கும்போது கையில் காசு புரளுகிறது என்று ஒரு பாட்டு! இதுவா காலத்தின் முகம்?" என்று கேட்டார் தலைவர்.

ஐயா, அந்தப் படத்தின் பெயர் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933'. தலைவர் பாட்டின் தொடக்கத்தைச் சொன்னார், முடிவைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டு முடியவே முடியாது. அது ஒரு நாடக ஒத்திகை. பாதியில் சட்ட அதிகாரி ஆட்களோடு உள்ளே நுழைகிறார். தயாரிப்பாளர் பாக்கி கட்டவில்லை. மேடைச் சாமான்களை ஜப்தி செய்கிறார்கள். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் மேலிருந்த காசு உடையைக்கூட விடவில்லை. காசு புரளுகிறது என்று பாடியவர்களுக்குக் கூலி இல்லாமல் போகிறது. அடுத்த காட்சியில் அதே பெண்கள் ஒரே அறையில் முடங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பால் புட்டியைத் திருடிக் குடிக்கிறார்கள். 1933இல் அமெரிக்கா இருந்த நிலையை இதைவிடப் பச்சையாக யார் சொல்ல முடியும்?

படத்தின் கடைசிப் பாட்டையும் பார்ப்போம். முதல் உலகப் போருக்குப் போன சிப்பாயைப் பற்றி ஒரு பெண் பாடுகிறாள். அன்றைக்குக் கொடி பிடித்து வழியனுப்பி வைத்தீர்கள், இன்று அவனை மறந்துவிட்டீர்கள் என்கிறாள். திரையில் அணிவகுத்துப் போகும் வீரர்கள், மழையில் ரத்தத்தோடு திரும்பி வரும் வீரர்கள், பிறகு கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் அதே ஆட்கள். இந்தக் காட்சியை அமைத்த பஸ்பி பெர்க்லி அந்தப் போரின்போது ராணுவத்தில் இருந்து அணிவகுப்பு நடத்தியவர். அந்த நடை அவருக்குத் தெரிந்த நடை.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? 1932 கோடையில் அந்தப் பழைய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில், பெண்டாட்டி பிள்ளைகளோடு வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். போருக்குப் போனதற்கான ஈட்டுத்தொகை 1945இல்தான் கிடைக்கும் என்று அரசாங்கம் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தது. "எங்களுக்குப் பசி இப்போது, பணத்தையும் இப்போதே கொடுங்கள்" என்று கேட்டார்கள். ஜூலை 28 அன்று ஜெனரல் மெக்கார்தர் குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையுமாக வந்து அவர்களை விரட்டினார். குடிசைகள் எரிந்தன. பத்து மாதம் கழித்து இந்தப் படம் வருகிறது. பாட்டும் கூத்துமாக மக்களை மறக்கடிக்கவே எடுக்கப்பட்ட வகை என்று நீங்கள் சொல்லும் வகையில் வருகிறது.

நடுவர் ஐயா, கல்லாவுக்காகத்தான் எடுத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதை எடுத்த வார்னர் பிரதர்ஸ் கம்பெனி தரும சத்திரம் நடத்தவில்லை. ஆனால் டிக்கெட் வாங்க வருகிறவன் தன் கவலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறான். அந்தக் கவலையைத் தொடாத படம் அவனைத் தொடாது. ஆகவே கல்லாவை நிரப்ப நினைக்கிறவனும் காலத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இப்போது தலைவரின் அச்சுக்கு வருகிறேன். ஒரே அச்சு, ஒரே செங்கல் என்கிறீர்கள். சரி, ஒரே கம்பெனி, ஒரே நடிகர், நாலே வருஷம், என்ன ஆனது என்று பார்ப்போம்.

1931இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'தி பப்ளிக் எனிமி'யில் ஜேம்ஸ் காக்னி கள்ளச்சாராயக் கும்பலின் ரவுடி. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. 1920இல் தொடங்கிய சட்டம், சிகாகோ தெருக்களில் கும்பல்களை ராஜாக்களாக்கி விட்டிருந்தது. உழைத்தால் உயரலாம் என்று அமெரிக்கா தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. உழைக்க வேலையே இல்லை. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் முழுகின. சேமித்து வைத்தவன் நடுத்தெருவில் நின்றான். அந்த நேரத்தில் ஏழைச் சேரியில் பிறந்த ஒரு பையன் யாரிடமும் கைகட்டி நிற்காமல், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, காரில் வந்து இறங்குகிறான். கடைசியில் சாகிறான், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாகும்வரை ஜனங்கள் அவன் பக்கம்தான்.

1935இல் 'ஜி மென்'. அதே வார்னர் பிரதர்ஸ், அதே காக்னி, அதே வேகம், கையில் அதே துப்பாக்கி. ஆனால் இந்த முறை அவர் எஃப்.பி.ஐ. என்ற மத்திய அரசுத் துறையின் துப்பறியும் அதிகாரி. ரவுடிகளைச் சுட்டுத் தள்ளுகிறார். அச்சு அதேதான் ஐயா, ஆனால் செங்கல் தலைகீழாக வெளியே வருகிறது. ஏன்?

அந்த நாலு வருஷத்தை வைத்துப் பாருங்கள். ரூஸ்வெல்ட் அதிபரானார். டிசம்பர் 1933இல் மதுவிலக்கு ரத்தானது. கான்சாஸ் சிட்டி ரயில் நிலையத்தில் கைதி ஒருவரை அழைத்துப்போன அதிகாரிகள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1934இல் நாடாளுமன்றம் மத்தியத் துப்பறிவாளர்களுக்குத் துப்பாக்கி ஏந்தவும் கைது செய்யவும் முழு அதிகாரம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலை 22 இரவு, வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டிலிஞ்சரை சிகாகோவின் பயோகிராஃப் தியேட்டர் வாசலுக்குப் பக்கத்தில் சுட்டு வீழ்த்தினார்கள். அவன் அப்போதுதான் ஒரு கேங்ஸ்டர் படம் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தான். நான் இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சற்று நின்றுவிடுகிறேன். திரையும் தெருவும் இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன.

அதே 1934இல் கத்தோலிக்கத் திருச்சபை, கெட்ட படங்களைப் பார்க்கமாட்டோம் என்று மக்களிடம் உறுதிமொழி வாங்கத் தொடங்கியது. 1930இலேயே எழுதி வைத்து யாரும் மதிக்காமல் கிடந்த தணிக்கை விதிகளுக்கு அப்போதுதான் பல் முளைத்தது. ரவுடியை நாயகனாகக் காட்டக்கூடாது என்றானது. "பார்த்தீர்களா, வசூல் போய்விடும் என்ற பயத்தில்தான் மாற்றினார்கள்" என்று தலைவர் சொல்வார். சொல்லட்டும். கோயில் வாசலில் நின்று லட்சக்கணக்கானோர் ஒரு படத்தைப் பார்க்கமாட்டோம் என்று கை உயர்த்துவதும் அந்த நாட்டின் சமூக வரலாறுதானே!

ஜி மென் படத்தில் வந்த அந்த அதிகாரியின் அடையாள அட்டையை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

இனி சகோதரியின் கேள்வி. கௌபாய் படங்கள் பொய் சொல்லின என்றார். ஆமாம், சொல்லின. இதில் அவருக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. 1890இல் உண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா என்ற செவ்விந்திய மக்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் அமெரிக்கப் படை கொன்றது. அதற்குப் பதின்மூன்றே ஆண்டில், 1903இல், 'தி கிரேட் டிரெயின் ராபரி' வந்துவிட்டது. நிலத்தைப் பறித்த கை காய்வதற்கு முன்பே அந்த நிலத்தைப் பற்றிய கதைப்படங்கள் தொடங்கிவிட்டன. 1939இல் ஜான் ஃபோர்டு 'ஸ்டேஜ்கோச்' எடுத்தார். மானுமெண்ட் வேலியின் சிவந்த பாறைகளுக்கு நடுவே அப்பாச்சி இனத்து எதிரிகளாக நிறுத்தப்பட்டவர்கள் உண்மையில் அங்கேயே வாழும் நவஹோ மக்கள். அந்த இடம் அரிசோனா, யூட்டா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அரிசோனாவில் 1948இல்தான் ஓட்டுரிமை கிடைத்தது. யூட்டாவில் 1957 வரை ஆனது. தன் சொந்த மண்ணில் ஓட்டில்லாமல் நிற்கும் மனிதனை அந்த மண்ணுக்கே எதிரியாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். இந்தப் பொய் எங்கள் அணிக்கு எதிரான சாட்சி இல்லை சகோதரி. 1939இன் அமெரிக்கா யாரை மனிதராக எண்ணியது, யாரை எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பொய்யும் ஒரே மாதிரி நிற்கவில்லை. 1950களில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவர் ஐயா எனக்குச் சற்று நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுகிறேன்.

1952இல் வந்த 'ஹை நூன்'. சின்ன ஊர். காவல் அதிகாரி கேனுக்கு அன்று காலைதான் கல்யாணம். அவர் சிறைக்கு அனுப்பிய கொலைகாரன் விடுதலையாகி மத்தியான ரயிலில் வருகிறான் என்று செய்தி வருகிறது. கேன் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். தண்டனை கொடுத்த நீதிபதியே கொடியை மடித்து வைத்துக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்புகிறார். தேவாலயத்தில் கூட்டமாக விவாதிக்கிறார்கள், அவரைப் பாராட்டுகிறார்கள், கடைசியில் நீங்கள் போய்விடுவதுதான் ஊருக்கு நல்லது என்கிறார்கள். நண்பன் ஒருவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே மனைவியை விட்டு இல்லை என்று சொல்லச் சொல்கிறான். ஊரில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. துப்பாக்கியைத் தொடக்கூடாது என்ற சமயக் கொள்கை உடைய அவர் மனைவி ஒருத்திதான் கடைசியில் திரும்பி வருகிறாள். எல்லாம் முடிந்தபின் ஊர்க்காரர்கள் வெளியே வருகிறார்கள். கேன் தன் நட்சத்திர வில்லையைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டுப் போகிறார்.

இதை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். 1951இல் படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அவருக்கு அழைப்பாணை அனுப்பியது. அவர் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். உன்னோடு இருந்தவர்களின் பெயரைச் சொல் என்பதுதான் அந்தக் குழு எல்லோரிடமும் கேட்டது. அவர் சொல்லவில்லை. கூட்டாளிகள் விலகினார்கள், தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் வேலை தரக்கூடாது என்ற கறுப்புப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது, இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்த நீதிபதி, அந்தத் தேவாலயக் கூட்டம், வீட்டிலிருந்தே இல்லை என்று சொல்லச் சொன்ன நண்பன் எல்லோரும் 1951இன் ஹாலிவுட்டில் நடமாடிய மனிதர்கள். தொப்பியையும் குதிரையையும் மட்டும்தான் பழைய காலத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. இங்கிலாந்தில் அவர் கைவைத்த இன்னொரு திரைக்கதை, இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. 1957 படம். மைக்கேல் வில்சன் என்பவரும் சேர்ந்து எழுதினார், அவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். இரண்டு பேர் பெயரும் திரையில் வரவில்லை. ஆஸ்கர் விருது, மூல நாவலை பிரெஞ்சு மொழியில் எழுதியவருக்குப் போனது. 1984இல் அகாடமி தவறைத் திருத்தியபோது இருவரும் உயிரோடு இல்லை.

மீண்டும் ஹை நூனுக்கு வருகிறேன். அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்தவர் ஜான் வெய்ன். ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். அமெரிக்கத்தன்மைக்கே விரோதமான படம் என்று பிற்பாடு பேட்டியிலும் சொன்னார். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் பிடிக்கவில்லை. நல்ல காவல் அதிகாரி வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவானா என்று கேட்டார். இருவரும் சேர்ந்து 1959இல் பதிலுக்கு 'ரியோ பிராவோ' எடுத்தார்கள். அதிலும் ஒரு காவல் அதிகாரி, அதிலும் ஒரு கொலைகாரக் கும்பல். ஆனால் அவர் யாரிடமும் உதவி கேட்பதில்லை. குடிகாரன் ஒருவன், கால் ஊனமான கிழவர் ஒருவர், இளவட்டம் ஒருவன் என்று கேட்காமலே வந்து நிற்கிறார்கள்.

நடுவர் ஐயா, இதைப் பாருங்கள். ஆபத்து வந்தால் அமெரிக்கர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பார்களா, மாட்டார்களா? ஹை நூன் ஓர் அணி, ரியோ பிராவோ எதிரணி. நாம் இன்று இந்த மேடையில் செய்வதை அவர்கள் ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு கௌபாய் படங்களை வைத்துச் செய்திருக்கிறார்கள். வெளிப்படையாக வாய் திறந்தால் வேலை போகும் காலம் அது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் புராணத்துக்கு நடுவே உள்ளூர் நடப்பைப் பேசிவிட்டுப் போவதில்லையா? அதுபோல வேஷத்துக்குள் நின்று பேசினார்கள். வெறும் அச்சு என்றால் இந்த வாதத்துக்கு அதில் இடம் ஏது?

அதே காலத்தில் அறிவியல் புனைவுப் படங்களும் குவிந்தன. அவற்றில் இரண்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1954இல் 'தெம்!' என்ற படத்தில் எறும்புகள் லாரி அளவுக்கு வளர்ந்து மனிதர்களைத் தின்கின்றன. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கிளம்பும் எறும்புகள். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த மாநிலம் அது. குண்டின் மிச்சம்தான் இந்த எறும்புகளோ என்று படமே கேட்கிறது. 1956இல் 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. ஊரில் ஒவ்வொருவராக மாறிப்போகிறார்கள். முகம் அதே, குரல் அதே, ஆனால் உள்ளே வேறு ஏதோ. இது கம்யூனிஸ்ட் பயமா, கம்யூனிஸ்டுகளைத் தேடி அலைந்த செனட்டர் மெக்கார்தியைப் பற்றிய பயமா என்று விமர்சகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எதிரணித் தலைவர் இதை எடுத்துக்காட்டி, "உங்களுக்கே தெளிவில்லையே" என்றார். ஐயா, அந்தத் தெருவில் இரண்டு பயமும் ஒன்றாகத்தானே குடியிருந்தன! பக்கத்து வீட்டுக்காரன் கம்யூனிஸ்டோ என்று ஒரு பயம். பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கம்யூனிஸ்ட் என்று காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று ஒரு பயம். இரண்டுக்கும் ஒரே கதவு, ஒரே ஜன்னல். ஒரு படத்தை இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது என்றால் அது அந்தத் தெருவை அவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

முடிவில் நம்பிக்கை வர வேண்டும் என்று ஸ்டுடியோ ஒரு காட்சியைச் சேர்க்கச் சொன்னது. என்ன நம்பிக்கை தெரியுமா? எஃப்.பி.ஐ.க்குப் போன் போடுகிறார்கள். காக்னியின் அடையாள அட்டை 21 வருஷம் கழித்தும் ஊரைக் காப்பாற்ற வருகிறது.

இப்போது எதிரணியின் மையக் கருத்துக்கே வருகிறேன். ஓடும் படத்தைத்தான் மறுபடி எடுப்பார்கள், எல்லாம் வசூல் என்கிறார்கள். சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1968 நடுவில், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது, ஜான் வெய்ன் எடுத்த 'தி கிரீன் பெரேஸ்' வந்தது. போரை ஆதரித்த படம். அதிபர் ஜான்சனுக்கே கடிதம் எழுதி, ராணுவத்தின் உதவியோடு எடுத்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், ஆனால் படம் ஓடியது. நன்றாகவே வசூலித்தது. அப்படியானால் அடுத்த வருஷமே அதே அச்சில் பத்து வியட்நாம் போர்ப்படங்கள் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்து போர் முடிந்து, 1978இல் 'தி டீர் ஹன்டர்' என்ற வியட்நாம் படம் வரும்வரை, கிட்டத்தட்டப் பத்து வருஷம், பெரிய ஸ்டுடியோக்கள் அந்தப் போர்க்களத்தின் பக்கமே போகவில்லை. வசூலித்த வகையை ஏன் கைவிட்டார்கள்? கல்லாக் கணக்கில் இதற்கு விடை கிடையாது. நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. தியேட்டருக்குள் வருகிறவனின் தம்பி அங்கே செத்திருப்பான். பக்கத்து இருக்கைக்காரனின் மகன் அந்தப் போருக்குப் போக மறுத்துக் கனடாவுக்கு ஓடியிருப்பான். இருவரையும் ஒரே இருட்டில் உட்காரவைத்து எதைக் காட்டுவது? அந்தப் பத்து வருஷ மௌனம் இருக்கிறதே, அதையும் நான் ஒரு படம் மாதிரியே பார்க்கிறேன்.

போர்ப்படத்தில் பேச முடியாததை வேறு வகைகள் பேசின. 1970இல் 'மேஷ்'. கொரியப் போர் என்று போட்டிருந்தது, பார்த்தவர்களுக்கு அது வியட்நாம். அதே வருஷம் கௌபாய் படத்தில் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். 1968 மார்ச்சில் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமத்தவரைக் கொன்றார்கள். 1969 நவம்பரில் செய்தி வெளியே வந்தது. பள்ளத்தில் கிடந்த பெண்களின், குழந்தைகளின் படங்களை நாடே பார்த்தது. 1970இல் 'சோல்ஜர் புளூ', 'லிட்டில் பிக் மேன்' என்று இரண்டு கௌபாய் படங்கள். இரண்டிலும் நீலச் சட்டைக் குதிரைப்படை செவ்விந்தியர் குடியிருப்பில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் வெட்டுகிறது. ஒன்று 1864 சாண்ட் கிரீக் படுகொலை, மற்றது 1868 வாஷிடா தாக்குதல். அறுபது வருஷமாகத் திரையில் குதிரைப்படையின் ஊதல் சத்தம் கேட்டால் ஜனங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அந்த வருஷம் அதே சத்தம் கேட்டு நடுங்கினார்கள்.

சகோதரி, நீங்கள் சொன்ன பொய் உடைந்த இடம் இதுதான். ஆதாரங்களும் புத்தகங்களும் எப்போதோ இருந்தன. 1864ஐப் பற்றி அமெரிக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 1969இல் தன் கை ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் 1864இன் ரத்தம் அந்தத் திரைக்குக் கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் பூர்வகுடி இளைஞர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் அல்கட்ராஸ் தீவைப் பிடித்து உட்கார்ந்து, இது எங்கள் நிலம் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்துவிட்டது. தம்பிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

தம்பி சொன்ன படம் 'தி கான்வர்சேஷன்'. கொப்போலா இயக்கி 1974இல் வந்தது. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்டவனின் கதை. அது வந்த நாலு மாதத்தில் ஒட்டுக்கேட்பும் ஒலிநாடாவுமான வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி விலகினார். ஆனால் கொப்போலா அந்தக் கதையை 1960களிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். தம்பி சொன்னது முழுக்க உண்மை. நான் தம்பியிடம் கேட்பது ஒன்றே ஒன்று: 1960களில் ஒட்டுக்கேட்பு நடக்கவில்லையா? 1963இல் எஃப்.பி.ஐ., கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் போனை ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கியது. அவர் தங்கிய ஹோட்டல் அறைகளில் கருவி வைத்தது. காக்னி பெருமையோடு காட்டிய அதே அடையாள அட்டை, அதே தலைவர் ஹூவரின் கீழ், அந்தச் சுவருக்குள் மைக் வைத்தது. இதெல்லாம் ஊருக்குத் தெரியவந்தது 1970களில். வரலாறு செய்தித்தாளில் வரும் நாளில் பிறப்பதில்லை தம்பி. அதற்கு வெகு முன்பே காற்றில் இருக்கிறது. கலைஞன் மூக்குக்கு அந்த வாசனை முதலில் படுகிறது.

அப்படி ஒரு படத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1967இல் பிட்ஸ்பர்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள் சேர்ந்து, ஒரு லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய செலவில், ஒரு பேய்ப் படம் எடுத்தார்கள். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணைவீட்டில் அடைபட்ட சிலர் இரவு முழுக்கப் போராடுகிறார்கள். நாயகன் வேடத்துக்குத் தேர்வு வைத்ததில் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நன்றாகச் செய்தார், அதனால் எடுத்தோம், இனத்தைப் பற்றிப் படம் எடுக்க நாங்கள் நினைக்கவே இல்லை என்று ரொமேரோ கடைசிவரை சொன்னார். கல்லாக் கணக்குக்கும் இந்தப் படம் உதவாது. பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் யார் வேண்டுமானாலும் திரையிட்டார்கள், எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை.

இரவு கழிகிறது. எல்லோரும் செத்துவிட, அந்தக் கறுப்பு மனிதன் ஒருவன் மட்டும் உயிரோடு இருக்கிறான். விடிந்ததும் வெளியே ஆள் சத்தம், நாய் குரைப்பு. காப்பாற்ற வந்துவிட்டார்கள். போலீஸ் அதிகாரியும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரர்களும். அவன் மெல்ல ஜன்னலருகே வருகிறான். அவனையும் பேய் என்று நினைத்து நெற்றியில் சுடுகிறார்கள். அதற்குப் பிறகு திரையில் அசைவு இல்லை. புள்ளி புள்ளியான புகைப்படங்கள். உடலைக் கொக்கியில் இழுக்கிறார்கள், கட்டைகளோடு சேர்த்துப் போடுகிறார்கள், தீ வைக்கிறார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களைத் தூக்கிலிட்டுவிட்டு அதைப் படம்பிடித்து அஞ்சல் அட்டையாக அனுப்பிய ஒரு காலம் இருந்தது. அந்த அட்டைகளைப் பார்த்தவர்களால் இந்தக் கடைசி நிமிடங்களைத் தாங்க முடியாது.

படம் முடிந்தது. 1968 ஏப்ரல் 4ஆம் தேதி இரவு. வாங்க யாராவது கிடைப்பார்களா என்று படப்பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு நியூயார்க் நோக்கி ஓட்டிப் போகிறார்கள். வழியில் கார் ரேடியோவில் செய்தி வருகிறது. மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுவிட்டார்கள். அந்தக் கடைசிக் காட்சி, பல மாதங்களுக்கு முன்பே எடுத்து முடித்தது, அவர்களோடு அதே காரில் இருந்தது.

வாய்ப்புக்கு நன்றி ஐயா. வணக்கம்.